இடிக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் குச்சி

"17 ஏப்ரல், வியாழன். 320 சுத்து. குச்சி முழுக்க உள்ளே: இடி. முழுக்க வெளியே: பாட்டு. பாதியில நிப்பாட்டக் கூடாது."

என்னிடம் இருக்கும் ஒரு மூங்கில் குழாயின் மேல் ஒட்டிய காகிதத்தில் இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நாளும் கிழமையும் போட்டவர் ஆண்டைப் போடவில்லை. நாட்காட்டிகளைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் பதினேழு வியாழனாக வந்த ஆண்டுகளில் நமக்குப் பொருந்தக்கூடியவை மூன்று: 1969, 1975, 1980. முதலாவதில் எனக்கு நாலு வயது. கடைசியானதற்குள், இந்தக் கதையில் வரும், எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஆகவே 1975.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அறுபதைத் தாண்டிய உங்களுக்கு அந்த வருஷத்தை விளக்க வேண்டியதில்லை. மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற வயிறுகள் நம்முடையவை. ஆனால் அதே வருஷத்தில் ரேடியோவுக்குள் வைக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருளுக்காகவும் ஒருவர் பதுளைக்கும் பண்டாரவளைக்குமாக அலைந்தார் என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே ஏறிப் போக வேண்டியது. மாமா பதுளையில் ஒரு ரேடியோத் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோனதும் கடைக்காரர் பாதி நாட்கள் கடையைப் பூட்டிவைக்கத் தொடங்கினார். மாமா எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். வாய் நிறைய வெற்றிலை, கை நிறையக் கம்பி, எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாரு" என்ற பதில். செய்த பத்தில் எட்டு வேலை செய்யாது. அதற்காக அவர் முகம் வாடியதே இல்லை.

அவருக்கு அந்தச் சுருள் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஐப்பசியில், மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் மகள் மேல் இடி விழுந்தது. மழைக்கு நிழல் மரத்தடியில் ஒதுங்கியிருந்தாள். பத்தொன்பது வயது. மேல் மலைக்குப் பின்னால் உயர்ந்த முகடு இருக்கிறது. மழை அதற்குப் பின்னாலிருந்து வரும். தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். என் அம்மாவும் அதே மலையில் அதே நிரையில் பறித்தார். மாமாவால் அதை மறக்க முடியவில்லை.

"மின்னல் வெட்டுறப்ப ரேடியோவுல கொரகொரன்னு ஒரு சத்தம் வருதில்லியா?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். "அது முகட்டுக்கு அந்தாண்ட, ரொம்பத் தூரத்துலருந்து வருது அக்கா. நம்ம காதுக்கு இடி கேக்குறதுக்கு எவ்வளவோ முன்னாடி. பாட்டை வெலக்கிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டோம்னா, ஒங்களையெல்லாம் முன்னாடியே கீழ எறக்கிடலாம்."

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலை மாடிப்படியில் வழுக்கி, முழங்கால் வரை மாவுக்கட்டு. "மாப்ள, இருக்குற இடி போதாதுன்னு வாங்கி வேற கேக்கணுமா?" என்றார்.

பாட்டு வரும் அலைகளுக்குக் கீழே, இன்னும் தாழ்ந்த அலைகளில், அந்தக் கொரகொரப்பு தெளிவாகக் கேட்கும். அங்கே இறங்குவதற்குச் சுருளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கடையில் விற்ற காலத்தில் அதற்கென்றே விரல் நுனி அளவில், நடுவில் திருகாணி போல ஒரு கறுப்புத் துண்டு வைத்த சுருள் கிடைத்தது. துண்டை உள்ளே திருகினால் அலை தாழும், வெளியே திருகினால் உயரும். அவ்வளவுதான் சூட்சுமம். அதைக் கேட்டுப் போன கடைகளிலெல்லாம் மாமாவுக்கு ஒரே பதில்: "சாமான் வராது தம்பி."

சரி, செய்துவிடுவோம் என்றார்.

முதல் சுருளை மாவு வந்த அட்டைக் குழாயில் சுற்றினார். நம்மூர்ப் பனியில் அட்டை ஊறிப் பருத்து, இரண்டு நாளில் கம்பி தளர்ந்து வளையல் வளையலாகக் கழன்றது. இரண்டாவதற்கு மூங்கில். அடுப்புக்கு மேல் பரணில் பதினைந்து நாள் காய்ந்து, புகை குடித்து, தட்டினால் மணி போல ஒலித்தது. கம்பி தொழிற்சாலையில் கருகிப்போன மோட்டாரின் வயிற்றிலிருந்து வந்தது. கருகாத இடங்களாகப் பார்த்து வெட்டி, முடிச்சுப் போட்டு, பற்றவைத்துச் சேர்த்தார். நான் மூங்கிலைப் பிடித்துச் சுழற்ற, அவர் கம்பியை விட்டுக்கொண்டே எண்ணினார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும். எனவே பேசுகிறவர்களுக்கெல்லாம் எண்ணையே பதிலாகச் சொன்னார். "சாப்பிட வர்றியா தம்பி?" "நூத்தி நாப்பத்தொண்ணு." "தண்ணி வேணுமா?" "நூத்தி நாப்பத்திரெண்டு."

சுற்றி முடித்ததும் மெழுகு பூசினார். ஈஸ்டருக்கு ஏற்றி மிச்சமான மெழுகுதிரிக் கட்டைகளை உபதேசியார் கொடுத்திருந்தார். அந்த மெழுகின் மணம் இன்னும் குழாயில் இருப்பதாக எனக்குத் தோன்றும். என் மகன் முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் தூசி என்கிறான்.

உள்ளே நுழைக்க என்ன வைப்பது என்பதில்தான் அவர் அதிகம் தவித்தார். ஆணிகளைச் சேர்த்து நூலால் கட்டி நுழைத்தார். சத்தம் மந்தமாகிப் போனது. அரத்தூளை மெழுகில் குழைத்துக் குச்சியாக உருட்டினார். சற்றுப் பரவாயில்லை, ஆனால் வெயிலில் இளகி வளைந்தது. பெரியம்மாவின் மண்வெட்டிப் பூண்கூட ஒருநாள் காணாமல் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் பதுளைக் கடையின் குப்பைப் பெட்டியில், பஸ் சக்கரத்தில் நசுங்கிய ஒரு ரேடியோவுக்குள்ளிருந்து அந்தக் கறுப்புக் குச்சி கிடைத்தது. என் கையால் ஒரு சாண். பென்சிலைவிடச் சற்றுப் பருமன். தொட்டால் குளிரும், தூக்கினால் கனக்கும். இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் இரும்பில்லை. இரும்புத் தூளைக் கலந்து சூளையில் சுட்ட ஒருவகை மண் என்று பிற்காலத்தில் படித்தேன்.

அதை மூங்கிலுக்குள் விட்டு, வெளியே இழுத்து, மறுபடி விட்ட அந்த ஏப்ரல் பதினேழு மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தாண்டுப் பலகாரம் தீராத நாள். ரேடியோப் பெட்டியோடு சேர்த்த ஹெட்போனின் ஒரு காதை மாமாவும் மறு காதை நானும் வைத்துக்கொண்டோம். குச்சி வெளியே இருந்தபோது எங்கோ ஒரு பெண் பாடினார். குச்சியை உள்ளே தள்ளத் தள்ளப் பாட்டு கரைந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, முழுதும் உள்ளே போனதும், பட், பட், படபட, பட். வானம் தெளிவாக இருந்தது.

"என்ன மாமா இது?"

"மின்னல். மட்டக்களப்புப் பக்கமா இருக்கும். இல்லாட்டி கடலுக்கு மேல."

நான் வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மழை ஒன்று எங்கள் காம்பராவுக்குள் பெய்துகொண்டிருந்தது. பத்து வயதில் அதைவிட ஆச்சரியமான ஒன்றை நான் அறிந்ததில்லை. இப்போதும் பெரிதாக எதையும் சொல்ல முடியவில்லை.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையை ஒப்புக்கொள்ள வைத்தது அம்மாதான். ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தால், அவர் மேல் மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட வேண்டும். "எறக்குறேன். ஆனா பொய்யா அடிச்சீங்கன்னா எல்லாருக்கும் அரைப் பேர்தான்" என்றார் அவர். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். மாமா ஒரு கணக்கு வைத்திருந்தார்: கடுகு வெடிக்கிற மாதிரி கேட்டால் பொறு, கடலை வறுக்கிற மாதிரி கேட்டால் தண்டவாளத்தை அடி.

மூன்றாம் நாளே கடலை வறுபட்டது. மாமா ஓடிப்போய் அடித்தார். நாற்பது பெண்கள் பாதிக் கூடையோடு இறங்கி வந்து, சுள்ளென்ற வெயிலில் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். அன்றைக்கு மழையே இல்லை. மாமா கேட்டது தோட்டத் துரை பங்களாவின் தண்ணீர் மோட்டாரை. மோட்டாருக்குள் கரித்துண்டு தேய்ந்து பொறி பறந்துகொண்டிருந்திருக்கிறது.

"தம்பி, தொரை வீட்டுத் தண்ணித் தொட்டி நெறஞ்சா அதையும் அடிச்சுச் சொல்லுங்க, குளிச்சிட்டுப் போறோம்" என்றார் ஒரு பெண். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த ஐப்பசிக்குப் பிறகு மலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். மேகம் கறுத்தால் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைவார்.

அந்த அலைச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. இடி இடிக்கும்போது வீட்டிலுள்ள இரும்பை வாசலில் வீசுவது நம் பழக்கம். உங்களில் பலர் செய்திருப்பீர்கள். இடி அந்த இரும்பை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுமாம். மகள் செத்த அன்று பெரியம்மா லுணுகலையில் மாவு வரிசையில் நின்றார். கத்தியும் கடப்பாரையும் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. "ஒரு கரண்டியாச்சும் வீசியிருந்தேன்னா" என்று அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மாமா திருகாணிச் சுருள் ஒன்று கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக் காலை பஸ்ஸில் பதுளைக்குப் போயிருந்தார். போகுமுன் ஹெட்போனை அப்பாவிடம் ஒப்படைத்தார். சுருளும் பெட்டியும் முன் திண்ணையான இஸ்தோப்பில், சுவரோரம் இருந்தன; மண்ணுக்குள் போகும் கம்பிக்கு அதுதான் பக்கம். அங்கிருந்து நீளமான வயரில் ஹெட்போன் உள்ளே அப்பாவின் கட்டிலுக்கு வந்தது. ஆகவே கேட்பவருக்குச் சுருள் தெரியாது.

மத்தியானம் அப்பா, "கடுகு" என்றார். சற்று நேரம் கழித்து, "கடுகு நெறையா" என்றார். எனக்குக் கால் பரபரத்தது.

"அடிச்சிரட்டுமாப்பா?"

"இருடி. போன தடவை பட்டது போதும். இந்தத் தடவை பொய்யாப் போச்சுன்னா ஒங்கம்மாவை மத்தவளுங்க கொழுந்தோட சேர்த்துக் கிள்ளிருவாளுங்க."

நான் பின்பக்கம் அடுப்பில் விறகு தள்ளப் போனேன். அப்போது முகட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன உறுமல். கேட்டதா, கற்பனையா என்ற அளவுக்குத்தான். இஸ்தோப்பில் தடதடவென்று சத்தம். "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று பெரியம்மாவின் குரல். வாசலில் கணீரென்று என்னவோ விழுந்தது, இன்னொன்று விழுந்தது.

உள்ளேயிருந்து அப்பா சிரித்தார். "அடங்கிருச்சு புள்ள! கடுகும் இல்ல கடலையும் இல்ல. நல்லவேளை, அடிக்காம இருந்தோம்."

"சத்தமே இல்லியாப்பா?"

"பாட்டு வருது. வெட்டவெளியாயிருச்சு போல."

பாட்டு. குச்சி உள்ளே இருந்தால் பாட்டு வரவே வராது. அது எனக்குத் தெரியும். மாமா இல்லாதபோதெல்லாம் குச்சியை வெளியே இழுத்துத்தான் நான் பாட்டுக் கேட்டேன். அந்தப் பாட்டுக்கு நடுவிலும் பட் பட்டென்று தெறித்திருக்கத்தான் வேண்டும். அப்பா காதில் பாட்டு மட்டும் விழுந்தது.

இஸ்தோப்புக்கு ஓடினேன். மூங்கில் குழாய் வெறுமையாக இருந்தது. வாசலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கடப்பாரை, எங்கள் தோசைக்கல், பெரியம்மா வீட்டு உலக்கைப் பூண். நடுவே, கல்லில் பட்டு இரண்டாக உடைந்த கறுப்புக் குச்சி. பெரியம்மா சுவரில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி அர்ச்சுனன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு இரும்பையும் சேர்த்து வீசியிருந்தார், அம்மாவுக்காக. இரும்பு போல இருந்த எல்லாவற்றையும்.

மேல் மலையில் யாரும் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. முன்பெல்லாம் ஆளுக்கொரு கண் முகட்டின் மேல் இருக்கும். தண்டவாளம் சொல்லும் என்று ஆனபின் எல்லாருடைய கண்ணும் கொழுந்தில் இருந்தது.

உடைந்த துண்டுகளைக் குழாய்க்குள் போட்டுப் பார்க்க நான் நிற்கவில்லை. பெரட்டுக் களத்துக்கு ஓடி, கையில் கிடைத்த கல்லால் தண்டவாளத்தை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மேலே பெண்கள் எறும்பு வரிசையாக இறங்குவது தெரிந்தது. முதல் ஆள் மலையடிப் பாலத்தைத் தொட்டபோது வானம் அப்படியே கீழே வந்தது. கண் வெளுத்தது. சத்தம் கேட்ட நினைவு இல்லை. நெஞ்சுக்குள் யாரோ குத்தியது போல இருந்தது. அம்மா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும், "யேசுவே, நீயா அடிச்ச?" என்றார்.

கணக்கப்பிள்ளைக்கும் அதே கேள்வி. அப்பா உண்மையைச் சொன்னார், அவருக்குத் தெரிந்த உண்மையை. "பொட்டி சும்மா பாட்டுத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு. புள்ளதான் வானத்தைப் பார்த்துட்டு ஓடுச்சு." அன்று சாயங்காலத்துக்குள் மாமாவுக்குப் 'பாட்டுப்பொட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் இன்னும் பதுளை பஸ்ஸில் இருந்தார்.

பெரியம்மா மழை விட்டதும் இரும்பைப் பொறுக்க வாசலுக்கு வந்தார். குச்சியை எடுத்தார். இரண்டு துண்டு. முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கிக்கிச்சு" என்றார். "ஒங்கம்மாவுக்கு வந்ததை இது வாங்கிக்கிச்சு புள்ள. பாரு, ரெண்டாப் பொளந்துருச்சு."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பீலிக்கரைக்கு இழுத்துப் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: பெரியம்மா குச்சியை உருவியது, அதனால் பெட்டியில் இடி கேட்காமல் போனது, மழைக்கு முன்பே குச்சி உடைந்து கிடந்தது. அம்மா கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இப்ப என்னாங்குற?"

"பெரியம்மா செஞ்சது தப்பும்மா. மாமாவைல்ல எல்லாரும் ஏசுறாங்க."

"ஏசட்டும். அவன் தாங்குவான். போயி வீட்டுல பாரு, ஒங்க பெரியம்மா சோறு திங்குறா. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் திங்குறா. அந்தப் புள்ள போனதுலருந்து இன்னைக்குத்தான்."

மாமா இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தார். திருகாணிச் சுருள் கிடைக்கவில்லை. ஒரு பொட்டலம் வடை கிடைத்திருந்தது. பெரியம்மா குச்சித் துண்டுகளை முந்தானையில் வைத்து அவரிடம் காட்டினார். மாமா ஒன்றை எடுத்து உடைந்த முகத்தை விரலால் தடவினார். உள்ளே சாம்பல் நிறம், பீங்கான் உடைந்தது போல. கருகல் எதுவுமில்லை. அவர் வாசல் கல்லைப் பார்த்தார், வெறும் மூங்கிலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றார். "வாங்கிக்கிச்சு."

ஒரு துண்டைப் பெரியம்மாவிடமே விட்டுவிட்டார். மற்றதைத் தனியே சுருளுக்குள் விட்டுப் பார்த்தார்; பாட்டும் இல்லை, இடியும் இல்லை. துரை ரேடியோவுக்காகக் கூரைமேல் கட்டியிருந்த ஏரியல் கம்பியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார், அது இடியைக் கூப்பிடுகிறது என்று. அவர் கவலையில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதன்பின் பெண்கள் பழையபடி முகட்டைப் பார்த்துப் பறித்தார்கள். மாமா சாகும்வரை எங்கள் தோட்டத்தில் பாட்டுப்பொட்டிதான். பெரியம்மா 1979இல் கப்பலேறப் போனபோது, அந்தத் துண்டு அவர் சேலை முடிச்சில் இருந்தது. மாமாவிடம் மிஞ்சிய துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. குழாய் மட்டும் என்னிடம்.

இனி நான் தேடிக்கொண்டிருப்பது. மேல் மலையில் அம்மா எப்போதும் மழைக்குப் போர்த்தும் கம்பளியை மாட்டிவைக்கும் நிழல் மரம், உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்ததைத் திங்கட்கிழமை காலையில்தான் கண்டார்கள். அவசரத்தில் அவர் விட்டு வந்த கம்பளியில் உள்ளங்கை அகலம் பொசுங்கியிருந்தது. சனிக்கிழமை விழுந்த இடி என்று அம்மா கடைசிவரை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் இடித்தது, அதில் விழுந்தது என்றார் கணக்கப்பிள்ளை. ஞாயிறு மலையில் ஆளே இல்லை; சனி என்றால், நான் தண்டவாளத்தை அடிக்காவிட்டால் அம்மா அந்த மரத்தடியில்தான் நின்றிருப்பார். அன்று அந்த மலையில் இருந்தவர்களில் இன்று பேசக்கூடிய நிலையில் உள்ள இருவரைக் கேட்டுவிட்டேன். ஒருவர் சனி என்கிறார், மற்றவர் ஞாயிறு என்கிறார். எந்த நாள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.